பைகாராவிலிருந்து பாலக்காட்டுக் காற்று வரை

கோவை ஆலைகளை ஓட்டிய மின்சாரம் பைகாரா நீரிலிருந்து பிறந்தது. 1932இல் அந்த நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின், ஊரைச் சுற்றி நூற்பாலைகள் வரிசையாக எழுந்தன. நிலையத்தைக் கட்டியது சென்னை மாகாண அரசு. சென்னை நகரில் மின்சாரம் விற்றுவந்த தனியார் நிறுவனத்தையும் 1947இல் அரசே எடுத்துக்கொண்டது. 1957 ஜூலை 1 அன்று மின்சார வாரியம் உருவானது. உற்பத்தி, கம்பி, மீட்டர், பில் எல்லாம் ஒரே கையில் வந்தன.

வாரியம் செய்த பெருங்காரியம் கிராமங்களில்தான். கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. காளைகள் சரிவில் இறங்க, தோல்பறி மேலேறி வாய்க்காலில் நீரைக் கொட்டும் கவலை இறைப்பு, மோட்டார் வந்தபின் மெல்ல மறைந்தது. கரண்ட் இல்லையென்றால் வெள்ளாமை இல்லை என்றானது. அதனால்தான் கட்டண உயர்வு இங்கே உயிர்ப் பிரச்சினையாக வெடித்தது. 1970இல் பெருமாநல்லூர்த் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தனர். 1972இல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் திரண்ட மாட்டு வண்டிகள் கோவையை மறித்தன. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அது போராடிப் பெற்ற நியாயம்.

அந்த இலவசத்தின் செலவில் ஒரு பங்கு ஆலைகளின் கட்டணத்தில் ஏறியது. மின் உற்பத்தியில் தனியாருக்கு 1991இல் வழி திறந்ததும், ஆலைகள் சொந்த மின்சாரம் தேடின. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் முளைத்தன. காற்றாலையில் விளைந்த யூனிட் வாரியக் கம்பியில் ஏறும். ஆலையின் பில்லில் அது கழிக்கப்படும். கம்பி வாடகை தனி. மே முதல் செப்டம்பர் வரை காற்று பலமாக அடிக்கும்போது மிஞ்சும் யூனிட்டை வாரியத்திடம் இருப்பு வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் இதை இன்னும் விரித்தது. உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை. பெரிய நுகர்வோர் யாரிடமும் வாங்கலாம். 2008இல் மின்சாரச் சந்தையே தொடங்கியது. 2010இல் வாரியம் உற்பத்தி-பகிர்மானக் கழகமாகவும் தொடரமைப்புக் கழகமாகவும் பிரிந்தது. 2012வாக்கில் கடும் மின்வெட்டு வாட்டியபோது, வெளியில் வாங்க முடிந்த ஆலைகள் ஓரளவு தாக்குப்பிடித்தன. சோமனூர், பல்லடம் விசைத்தறிகள் நின்றன.

இந்தச் சந்தையின் பெருங்குறை அதுதான். வெளியில் வாங்க 1 மெகாவாட் தேவை இருக்க வேண்டும். பசுமை மின்சாரத்துக்கு மட்டும் 2022இல் மத்திய அரசின் விதிகள் அதை 100 கிலோவாட்டாகக் குறைத்தன. பத்துத் தறி ஓட்டுபவருக்கு அதுவும் எட்டாது. மும்பைப் புறநகரில் வீட்டுக்காரர்கூட இரண்டு தனியார் நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். கொங்கு நாட்டில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சிறு தறிக்கூடத்துக்கும் இன்றும் ஈ.பி. மட்டுமே.