கைக்குழந்தையின் கழுத்துச் சரிவு

பிறந்து சில கிழமைகளேயான பிள்ளை எப்போதும் ஒரே பக்கமாகத் தலையைச் சரித்து வைத்திருக்கிறது. மறுபக்கம் திருப்பினால் அழுகிறது. "சுளுக்காக்கும், எண்ணெய் போட்டு உருவினால் சரி" என்பார் ஒருவர். "வளர வளர நிமிரும்" என்பார் இன்னொருவர். இவ்விரண்டையும் நம்பி மாதங்களைக் கடத்திவிடக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

காரணம் என்ன?

காதின் பின்புறமிருந்து நெஞ்சின் மேற்பகுதி வரை, கழுத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு தசை உண்டு. ஒன்று இறுகிக் கட்டையானால் தலை அப்பக்கம் சரியும்; நாடி மறுபக்கம் திரும்பும். கருப்பையில் நெருக்கமாகக் கிடந்த பிள்ளைகளிலும், கால்மாறிப் பிறந்த பிள்ளைகளிலும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. சிலருக்கு அத்தசையில் சிறு கட்டியும் தட்டுப்படும். பெரும்பாலும் அது சில மாதங்களில் கரைந்துவிடும். எனினும் வைத்தியர் பார்த்தே அதனை உறுதிப்படுத்த வேண்டும். இது கண்ணூறு அன்று. தாயின் பிழையும் அன்று.

வீட்டில் செய்யக்கூடியவை

1. பிள்ளை திரும்ப மறுக்கும் பக்கத்தில் இருந்து பேசுங்கள், கிலுக்கட்டியை ஆட்டுங்கள். பாயில் தாய் படுப்பதும் அப்பக்கமாகவே இருக்கட்டும்.

2. விழித்திருக்கும் வேளைகளில், நீங்கள் அருகில் இருக்க, நாளுக்குப் பல தடவை சிறிது நேரம் குப்புறக் கிடத்துங்கள். உறங்கும்போது மல்லாக்கவே கிடத்த வேண்டும்.

3. நெடுநேரம் ஏணையில் விடாதீர்கள். தலை ஒரே பக்கம் கிடந்தால் அப்பக்கம் தட்டையாகிவிடும்.

4. தசையை மெதுவாக நீட்டும் பயிற்சியை இயன்மருத்துவரிடம் கண்ணால் பார்த்துப் பழகிய பின்னரே செய்யுங்கள். கழுத்தை வெட்டித் திருப்புவதும், கட்டியை அழுத்தி உருவுவதும் ஆபத்து.

ஏன் விரைவு வேண்டும்?

முதல் மாதத்துக்குள் பயிற்சி தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகள் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் தேறிவிடுகின்றனர். 6 மாதம் கழிந்த பின் தொடங்கினால் 9, 10 மாதங்கள் செல்லலாம். அப்போதும் முழுக் குணம் கிட்டாதவர் சிலர். அவர்களுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். இளங்கன்றுக்கு ஊன்றுகோல் கட்டும் பருவத்தை நாம் தவறவிடுவதில்லை அல்லவா?

இப்பிள்ளைகளில் சிலருக்கு இடுப்பு மூட்டிலும் குறை இருப்பதுண்டு. ஆகவே இடுப்பையும் பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். நேராக இருந்த கழுத்து திடீரெனச் சரிந்தாலோ, காய்ச்சல், வாந்தி, பால் குடியாமை சேர்ந்து வந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இடம் மாறும்போது கிளினிக் தவறிப்போவது எமது குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. புதிய இடத்தில் கொட்டில் போட்டவுடன், அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையைக் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். பழகிய பயிற்சிக்கோ ஒரு பாயும் பொறுமையான கைகளும் போதும். எங்கே இருந்தாலும் அதனை ஒரு நாளும் விடாதீர்கள்.