பச்சரிசி ஏன் வெள்ளையா இருக்கு? காய்கறிப் பெயர்களில் ஒளிஞ்சிருக்கும் கலர் கதை!

வேளாங்கண்ணிக்கு ஃப்ரெண்ட்ஸோட போயிருக்கீங்க. சமையல் வசதியோட ரூம் கிடைச்சாச்சு. 'ஹோட்டல் வேணாம், நாமளே சமைக்கலாம்' என்று முடிவு பண்ணி கடைத்தெருவுக்குப் போறீங்க. 'அண்ணே, பச்சரிசி ஒரு கிலோ' என்றால், பளிச்சென்று வெள்ளை அரிசி வருகிறது. வெள்ளைப் பூசணி கேட்டால் பச்சைக் காய் ஒன்றை எடுத்து வைக்கிறார். பச்சை வேர்க்கடலையோ ரோஸ் கலரில் இருக்கிறது!

கடைக்காரர் உங்களை ஏமாத்தலை. அந்தப் பெயர்களில் இருக்கும் நிறம் எதைச் சொல்லுதுன்னு நமக்குத்தான் மறந்துபோச்சு. அது தெரியலைன்னா சமையலும் சொதப்பும், காசும் வீணாகும்.

பச்சை என்பது கலர் மட்டுமல்ல!

தமிழில் 'பச்சை' என்றால் வேகாதது, காயாதது, புதுசு என்றும் அர்த்தம். பச்சைத் தண்ணி, பச்சைப் பால், பச்சை முட்டை, பச்சைக் குழந்தை... இதுல எதுவும் பச்சை நிறம் இல்லையே! பச்சை வேர்க்கடலை என்றால் வறுக்காத கடலை. அவ்வளவுதான்.

டெல்டாக்காரங்களுக்கு இது அத்துப்படி. நெல்லைக் காயவைத்து அப்படியே அரைத்தால் பச்சரிசி. ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து அரைத்தால் புழுங்கல் அரிசி. அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். பொங்கலுக்கும் புட்டுக்கும் பச்சரிசி, இட்லிக்குப் புழுங்கல். பெயரைக் கவனிக்காமல் மாத்தி வாங்கினால், உதிரி உதிரியா வரவேண்டிய சாதம் குழைஞ்சு போயிடும்.

தோலா, உள்ளேயா?

வெள்ளைப் பூசணி, மஞ்சள் பூசணி இரண்டுக்கும் வெட்டினால் தெரியும் சதைதான் பெயர் கொடுத்தது. வெள்ளைப் பூசணியின் பச்சைத் தோல் மேல் படிந்திருக்கும் சாம்பலைப் பார்த்து, அதையே 'சாம்பல் பூசணி' என்பவர்களும் உண்டு. ஒரே காய், ரெண்டு கலர்!

மஞ்சள் பூசணிக்கு டெல்டாவில் 'பறங்கிக்காய்' என்று பெயர். இதில் நிறமே இல்லை. காய் வந்த வழி இருக்கிறது. பூசணியின் இந்த வகை அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. போர்ச்சுக்கீசியர் போன்ற ஐரோப்பியர்களை நம்ம ஊரில் 'பறங்கியர்' என்பார்கள். வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் இருக்கும் நாகப்பட்டினம், 1658-ல் டச்சுக்காரர்கள் பிடிக்கும்வரை போர்ச்சுக்கீசியர் கையில்தான் இருந்தது.

நெல்லில் இது தலைகீழ். கருங்குறுவை நெல்லின் உமிதான் கறுப்பு; உள்ளே அரிசி சிவப்பு. கறுப்புக் கவுனியிலோ அரிசியே கறுப்பு. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டெடுத்தார். இன்றைக்கு அந்த மாதிரி அரிசியெல்லாம் ஆன்லைனில் நல்ல விலைக்குப் போகிறது. 'கருங்குறுவை கேட்டேன், சிவப்பு அரிசி அனுப்பிட்டாங்க' என்று ஒன் ஸ்டார் போடும் முன் யோசிங்க. ஒருவேளை வந்தது சரியான சரக்காகவே இருக்கலாம்!

வெளிநாட்டிலும் இதே குழப்பம்தான்

சூப்பர் மார்க்கெட்டில் 'ரெட் கேபேஜ்' பார்த்திருப்பீங்க. பார்க்க ஊதா. அதிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி, புளிப்பு சேர்ந்தால் சிவக்கும். சோடா உப்பு சேர்ந்தால் நீலமாகும். அதனால்தான் ஜெர்மனியில் ஒரு பகுதி மக்கள் இதைச் 'சிவப்புக் கோஸ்' என்கிறார்கள், இன்னொரு பகுதி மக்கள் 'நீலக் கோஸ்' என்கிறார்கள்.

ஒரு நிறத்துக்குத் தனிச் சொல் இல்லைன்னா, பக்கத்து நிறத்தின் பெயரையே வைத்துவிடுவதும் உண்டு. ஆங்கிலத்தில் 'ஆரஞ்சு' முதலில் பழத்தின் பெயர். நிறத்தின் பெயரானது பிறகுதான். அதற்கு முன் ஆரஞ்சு நிறத்தையும் 'சிவப்பு' என்றே சொன்னார்கள். அந்தச் சொல்லே திராவிட மொழிகளில் கிளம்பி, சமஸ்கிருதம், பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா போனது என்பது மொழியியலாளர்கள் பலரின் கருத்து. நம்ம நாரத்தங்காய்க்கு அது சொந்தக்காரன்!

பெயருக்கு ஏத்த மாதிரியே இருந்தால்?

அங்கேதான் கொஞ்சம் உஷாரா இருக்கணும். 'பச்சைப் பட்டாணி'ன்னா பளபளன்னு பச்சையா இருக்கணும்னு நாம எதிர்பார்க்கிறோம். காய்ந்த பட்டாணி இயல்பாகவே கொஞ்சம் மங்கித்தான் இருக்கும். நம்ம எதிர்பார்ப்பைக் காசாக்க, அதில் சாயம் ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ) சொல்லும் டெஸ்ட் ரொம்ப ஈஸி: கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பட்டாணி போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் வையுங்க. தண்ணீரில் சாயம் இறங்கினால் கலப்படம்.

அடுத்த முறை பெயரில் நிறம் இருக்கும் எதை வாங்கினாலும், கடைக்கார அண்ணன்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: 'இந்தக் கலர் தோலுக்கா, உள்ளே இருக்கறதுக்கா, பக்குவத்துக்கா?' பதிலோட சேர்த்து ஒரு சமையல் குறிப்பும் ஃப்ரீயா கிடைக்கலாம்!