பேங்க் மெசேஜுக்கு முன்னாடி நம்ம மெசேஜ்

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல திரும்பத் திரும்ப வந்தது இதுதான்: "சின்னதா ஒரு ட்ரஸ்ட் நடத்துறோம். ஒருதடவை நன்கொடை கொடுத்தவங்க மறுபடி கொடுக்கிறதே இல்லை. என்ன பண்றது?" நான் வியாசர்பாடி பக்கம் ஒரு மாலைநேர டியூஷன் சென்டருக்கு நிதி திரட்டுற வேலையில இருக்கேன். மாசம் பிறந்தா டீச்சர்களுக்குச் சம்பளம் போயாகணும். அதனால இந்தக் கேள்வி என் தூக்கத்தையும் கெடுக்கிற கேள்விதான்.

முதல்ல மார்ச் மாசத்தைப் பத்திப் பேசிடலாம். நம்ம ஊர்ல பல சின்ன அமைப்புகள் ரொம்ப நாளா மார்ச்சை நம்பித்தான் இருந்தன. நிதியாண்டு முடியுது, 80ஜி ரசீது வேணும், கொடுப்பாங்க. ஆனா 2023-24 நிதியாண்டிலிருந்து, நீங்களா பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்கலைன்னா புதிய முறைதான். அதில் தனிநபருக்கு 80ஜி கழிவு கிடையாது. இப்போ ஐடி வேலையில இருக்கிற 25 வயசுப் பையன்கிட்ட "டாக்ஸ் மிச்சமாகும்"னு சொன்னா, "நான் நியூ ரெஜிம் ப்ரோ"ன்னு சிரிக்கிறான். நியாயம்தானே! ரசீதைக் காட்டி மட்டுமே கேட்டுப் பழகினவங்களுக்கு அடுத்து என்ன பேசுறதுன்னு தெரியலை.

சரி, மாசாமாசம் 300, 500 கொடுக்கிறவங்களைச் சேர்க்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் சொல்றேன். சம்பளம், வாடகை எல்லாம் மாசக்கணக்கு, வரவும் மாசக்கணக்கா இருந்தால்தான் மூச்சு விட முடியும். ஆனா அதுல ஒரு விஷயத்தைப் பலர் கவனிக்கிறதில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலோ யுபிஐ ஆட்டோபேயிலோ தானாகப் பணம் எடுக்கிறதுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னாடி வாடிக்கையாளருக்குத் தகவல் போகணும். "நாளை ரூ.500 பிடிக்கப்படும்", கூடவே வேண்டாம்னா நிறுத்திக்க வழி. நல்ல விதி, நானும் ஒரு வாடிக்கையாளர்தான். ஆனா நன்கொடையாளர் பக்கம் நின்னு யோசிச்சுப் பாருங்க. வருஷத்துக்கு 12 தடவை பேங்க் அவரோட பேசுது. நாம எத்தனை தடவை பேசுறோம்? பல அமைப்புகள்ல ஒரு தீபாவளி வாழ்த்து, ஒரு மார்ச் கோரிக்கை. அவ்வளவுதான். மாசக்கடைசியில, பர்ஸ் காலியா இருக்கிற நேரத்துல அந்த பேங்க் மெசேஜ் மட்டும் வந்தா, எந்த ஓடிடி சந்தாவை நிறுத்தலாம்னு பார்க்கிற லிஸ்ட்ல நாமளும் சேர்ந்துடுவோம்.

அதனால நாங்க பண்றது இதுதான்: பணம் எடுக்கிற தேதி 5 என்றால், 2 அல்லது 3-ஆம் தேதி வாட்ஸ்அப்ல நாலு வரி போகும். அதுல காசு கேட்க மாட்டோம். "உங்கள் மேலான ஆதரவுக்கு நெஞ்சார்ந்த நன்றி" மாதிரி கல்யாணப் பத்திரிகைத் தமிழும் கிடையாது. "ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் இன்னும் பிடிபடலை. சப்பாத்தியை வெட்டிக் காட்டினோம், சப்பாத்திதான் காலியாச்சு." இந்த அளவுதான். எழுத 10 நிமிஷம் ஆகும். ஆனா அந்த 10 நிமிஷத்துக்கு விஷயம் கிடைக்கணும்னா, மாசத்துல ஒருநாளாவது வகுப்பில் போய் உட்காரணும். ஆபீஸ்ல உட்கார்ந்து எழுதினா வாசிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடும்.

கெட்ட செய்தியும் போகணும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ வட சென்னையில பல இடங்கள்ல தண்ணி நாள்கணக்கா வடியலை. எங்க நோட்டுப் புத்தகங்கள் ஊறிப்போச்சு, வகுப்பும் நின்னுபோச்சு. அதை அப்படியே எழுதி அனுப்பினோம், அப்பீல் எதுவும் வைக்காம. "எப்போ திறக்கிறீங்க?"ன்னு கேட்டு வந்த போன்கள்தான் எனக்கு அந்த மாசத்தோட நல்ல ஞாபகம். நல்லதை மட்டுமே சொல்லிட்டிருந்தா, நிஜமாவே கஷ்டம் வர்றப்போ நாம சொல்றதை யார் நம்புவாங்க?

ஒரு இடைச்செருகல். உருக்கமா இருக்கணும்னு குழந்தைங்க படத்தைப் போடாதீங்க. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுற குழந்தைகளோட பெயரையும் படத்தையும் வெளியிட சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை போடுது. சட்டத்தை விடுங்க, நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து அதைப் பார்த்தா எப்படி இருக்கும்?

இதுக்கெல்லாம் பெரிய சாஃப்ட்வேர் வேணுமான்னு கேட்டிருந்தீங்க. நம்ம வீடுகள்ல மொய் நோட்டு இருக்குமே. ஊர், பேர், தொகை. ஆனா அடுத்த வீட்டு விசேஷத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி பாட்டி அதைப் புரட்டிப் பார்ப்பாங்க, அதுலதான் அதோட உயிரே இருக்கு. எங்க எக்செல்லும் அந்த மூணு காலத்தோடதான் ஆரம்பிச்சது. இப்போ நாலாவதா ஒண்ணு இருக்கு: "என்ன சொன்னாங்க". ஒருத்தர் அம்மா நினைவா கொடுக்கிறார், இன்னொருத்தர் தானே கணக்குல ஃபெயிலானவர். ரெண்டு பேருக்கும் ஒரே மெசேஜ் அனுப்ப மனசு வராது, இல்லையா? மொய்னா திருப்பிச் செய்யணும். நன்கொடைக்குத் திருப்பித் தர நம்மகிட்ட இருக்கிறது சேதி மட்டும்தான்.

கடைசியா, நிறுத்தினவங்களைப் பத்தி. பணம் நின்னவுடனே மனசும் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. 2021 அக்டோபர்ல புதிய இ-மேண்டேட் விதி அமலானப்போ, மறுபடி பதிவு செய்யாத பழைய கார்டு ஏற்பாடுகள் தானா நின்னுபோச்சு. பலருக்கு நின்னதே தெரியாது. கார்டு காலாவதியானாலும் இதே கதைதான். அதனால போன் பண்ணுங்க. "ஏன் நிறுத்தினீங்க?"ன்னு கேட்காம, "உங்க கார்டுல பணம் எடுக்க முடியலைன்னு வருது, நீங்களே நிறுத்தினதா இருந்தா பரவாயில்லை"ன்னு ஆரம்பிங்க. வேலை போயிடுச்சுன்னு ஒரு அக்கா சொன்னாங்க. காசு பத்தி நாங்க அதுக்கப்புறம் பேசவே இல்லை, 3-ஆம் தேதி மெசேஜ் மட்டும் அவங்களுக்கு நிக்கலை. இப்போ சனிக்கிழமை வந்து எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறாங்க.