குற்றவாளியை ஊகித்தால் போதாது

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு வந்து படிப்பவர்களுக்கென்று தனி இடம் உண்டு. அங்கே போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள்தான் கண்ணில் அதிகம் படுவார்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வென்றால் 200 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். கேள்வியையே படிக்காமல் வட்டங்களைக் கறுத்துக்கொண்டு போனாலும் சராசரியாக 50 விடைகள் சரியாக விழுந்துவிடும். 2020 முதல் ஐந்தாவதாக ஒரு வட்டம் சேர்ந்தது: 'விடை தெரியவில்லை'. தெரியாது என்று ஒப்புக்கொள்பவரை அது காட்டிக்கொடுக்கும். தெரிந்து கறுத்தவர் யார், குருட்டாம்போக்கில் கறுத்தவர் யார் என்று பிரித்துச் சொல்ல அதனாலும் முடியாது.

இதே சிக்கலோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு துறையில் இருக்கிறார்கள். கொலை மர்ம வீடியோ கேம்களைச் செய்பவர்கள் அவர்கள்.

துப்பறியும் நாவலுக்கு இந்தத் தலைவலி கிடையாது. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதிய சுஜாதா, 'கொலையுதிர் காலம்' போன்ற தொடர்களில் கொலைக்குள் அறிவியலைக் கொண்டுவந்து வைத்தார். துப்பறிகிற வேலையை அவருடைய பாத்திரங்களான கணேஷும் வசந்தும் பார்த்துக்கொண்டார்கள். 'இவன்தான் செய்திருப்பான்' என்று வாசகர் மூன்றாவது வாரமே சொல்லிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். எப்படித் தெரியும் என்று கதை அவரைத் திருப்பிக் கேட்காது. கேம் கேட்டாக வேண்டும். ஏனென்றால் அதில் துப்பறிவாளரே ஆடுபவர்தான்.

1982-ல் அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனத்துக்காக மார்க் பிளாங்க் எழுதிய 'டெட்லைன்' இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. அதில் படமே கிடையாது, திரை முழுக்க எழுத்துதான். பணக்காரர் ஒருவர், உள்ளே தாழிட்ட தன் வீட்டு நூலக அறையில் செத்துக் கிடக்கிறார். விசாரிக்க உங்களுக்கு 12 மணி நேரம். நீங்கள் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு கட்டளைக்கும் கதைக்குள் கடிகாரம் நகரும். வீட்டிலுள்ளவர்கள் அவரவர் வேலையாக அறைக்கு அறை போய்வந்துகொண்டிருப்பார்கள். நீங்கள் தோட்டத்தில் நின்றால், அதே நேரம் மாடியில் நடந்த பேச்சு உங்களுக்குக் கிடைக்காது. யாரை வேண்டுமானாலும் கைது செய்யலாம். சான்று போதாவிட்டால் வழக்கு நிற்காது. ஃபிளாப்பியில் இடம் போதாததால் வாக்குமூலங்கள், ஆய்வக அறிக்கை எல்லாம் காகிதத்தில் அச்சாகி, துப்பாக வைத்த மாத்திரைகளோடு கேம் பெட்டிக்குள் வந்தன.

அடுத்த ஆண்டு ஜப்பானில் யூஜி ஹோரி 'போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு' என்ற கேமை வெளியிட்டார். அதிலும் முதலில் கட்டளைகளைத் தட்டச்சுதான் செய்ய வேண்டியிருந்தது. 1985-ல் அதைத் தொலைக்காட்சியில் மாட்டி ஆடும் ஃபேமிகாம் கருவிக்குக் கொண்டுபோனபோது, அங்கே விசைப்பலகை இல்லை. எனவே 14 கட்டளைகளை ஒரு பட்டியலாகத் திரையிலேயே போட்டார்கள். ஆடுவது சுலபமாயிற்று. ஆனால் பட்டியல் வந்ததும் பழைய ஓட்டையும் கூடவே வந்துவிட்டது. ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே போனால், மூளையைக் கசக்காமலே கதை நகர்ந்துவிடும்.

அந்த ஓட்டையை அழகாக அடைத்தவர் லூகாஸ் போப். 2018-ல் வெளிவந்த அவருடைய 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' நடப்பது 1807-ல். காணாமல் போன ஒரு கப்பல் ஆளில்லாமல் துறைமுகத்துக்குத் திரும்பி வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக நீங்கள் அதில் ஏறுகிறீர்கள். கப்பலில் போனவர்கள் 60 பேர். அவர்களில் இந்திய மாலுமிகளும் உண்டு. ஒரு பிணத்தருகே நின்று கையிலிருக்கும் மாயக் கடிகாரத்தைத் திறந்தால், அந்த மனிதர் உயிர்விட்ட நொடி உறைந்த காட்சியாக உங்களைச் சுற்றி நிற்கும். இவர் யார், எப்படிச் செத்தார், கொன்றது யார் என்று நீங்கள் பேரேட்டில் எழுத வேண்டும்.

எழுதியது சரியா என்று கேம் உடனே சொல்லாது. மூன்று பேருடைய விவரம் முழுக்கச் சரியாக அமைந்தால்தான் அந்த மூன்றையும் ஒன்றாக உறுதி செய்யும். இந்த ஒரு விதிக்குள் இருக்கும் கணக்கைப் பாருங்கள். சாவின் விவரத்தை விட்டுவிட்டு, மூன்று முகங்களுக்குப் பெயர் மட்டும் சூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெயருக்கும் உடனுக்குடன் 'சரி', 'தப்பு' என்று பதில் வந்தால், 60-ஐயும் 59-ஐயும் 58-ஐயும் கூட்டி, அதிகபட்சம் 177 முயற்சிகளில் முடித்துவிடலாம். ஒரு மதியப் பொழுது போதும். மூன்றும் சேர்ந்து சரியானால்தான் பதில் என்றால், அதே எண்களைப் பெருக்க வேண்டும்: 2,05,320. கூட்டல் பெருக்கலாக மாறியதும் ஊகம் தோற்றுவிடுகிறது. இதற்குமேல் யோசிப்பதுதான் குறுக்குவழி.

1948-ல் தகவல் கோட்பாட்டை வகுத்த கிளாட் ஷானனின் அளவுகோலில் இதை இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். 60 பேரில் ஒருவரைக் கண்டுபிடிக்க, ஆம்–இல்லை என்று பதில் வரும் ஆறு நல்ல கேள்விகள் போதும். 2,05,320-ல் ஒன்றைக் கண்டுபிடிக்கப் பதினெட்டு. அந்தப் பதினெட்டுக்கும் பதில் கப்பலுக்குள் சட்டையின் நிறமாக, பேசும் மொழியாக, படுக்கை எண்ணாகச் சிதறிக் கிடக்க வேண்டும். அப்படிச் சிதறி வைப்பதுதான் கேம் செய்பவரின் கைவண்ணம்.

அறிவியல் புனைவு சேர்ந்தால் இந்தக் கைவண்ணத்துக்கு என்ன கிடைக்கும்? ஒரு கேமை நாமே கோட்டூர்புரத்தில் கட்டிப் பார்ப்போம். நூலகத்துக்குப் பக்கத்திலேயே, 1988 முதல் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. கதைக்கு அதுபோல ஒரு கோளரங்கம், ஆண்டு 2140. வானத்தைக் காட்டும் கருவியின் பொறியாளர் இருட்டுக்குள் கொலையாகிக் கிடக்கிறார். சந்தேகத்துக்குரியவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர், 'நான் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சென்னை வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்' என்கிறார். இறந்தவரின் கேமராவில் குவிமாடத்தின் படம் ஒன்று அகப்படுகிறது. அதில் துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து ஏறக்குறைய 28 டிகிரி உயரத்தில் நிற்கிறது.

துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை. சென்னையில் 13 டிகிரிதான்; கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முஷ்டி உயரத்துக்குச் சற்று மேலே. 28 என்றால் அது டெல்லி வானம். அவர் சொன்னது பொய். ஆனால் நட்சத்திரத்துக்கும் அட்சரேகைக்கும் உள்ள உறவைக் கேம் எங்கும் பாடமாக நடத்தாது. பக்கத்துக் கூடத்தில் வானத்தைச் சுழற்றிப் பார்க்க ஒரு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கடைசியில் கேம் கேட்கும்: யார், படத்திலிருப்பது எந்த ஊர் வானம், எந்த மணி? ஐந்து பேர், 200 ஊர்கள், 12 மணிகள். மொத்தம் 12,000 விடைகள். மூன்றில் எது தப்பு என்று அது சொல்லாது. பெயரை மட்டும் ஊகித்தவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, சந்தேகத்துக்குரியவர்களையே வாய்விட்டுப் பேச வைத்தால் என்ன? 2023-ல் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 'போர்ட்டோபியா'வையே எடுத்து, ஆடுபவர் தன் சொந்த வாக்கியத்தில் உத்தரவிடும்படி மாற்றிப் பார்த்தது. ஆனால் கேம் தானாகவே புதுப் பதில்களை உருவாக்கும் வசதியைச் சேர்க்கவில்லை. தகாத எதையாவது பேசிவிடுமோ என்ற கவலைதான் காரணம்.

துப்பறியும் கேமுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. செயற்கை நுண்ணறிவின் மொழி மாதிரிகள், இல்லாத ஒன்றைச் சரளமாகச் சொல்லும். கொலையாளியும் அதைத்தான் செய்கிறான். ஆனால் அவனுக்கு உண்மை தெரியும். அதை மறைக்கத்தான் பொய் சொல்கிறான். அதனால் அவன் பொய் எங்கேயோ ஓரிடத்தில் நடந்ததோடு உரசும், அந்த உரசல்தான் துப்பு. உண்மையே தெரியாமல் அளந்துவிடும் இயந்திரத்தின் வார்த்தை எதோடும் உரசுவதில்லை. ஆகவே, எந்தச் சாமர்த்தியமான பேச்சுக்கும் அடியில், அன்று இரவு யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்று மாறாத ஒரு பட்டியல் இருந்தே தீர வேண்டும். 1982-ல் மார்க் பிளாங்க் தன் பாத்திரங்களுக்கு எழுதிக் கொடுத்ததும் அப்படி ஒரு பட்டியல்தான்.