வீட்டுக் கணனியும் உறுப்பியைபும்

குடும்பம் ஒன்று தன் பிள்ளையின் கல்விக்கெனக் கணனி வாங்க முற்படும்போது, அறிவுரை கூறுவார்க்குக் குறைவில்லை. அயல்வீட்டு இளைஞன் ஒன்று கூறுவான். கடைக்காரர் பிறிதொன்று கூறுவார். வெளிநாட்டிலிருக்கும் மாமன் தொலைபேசி வாயிலாக மூன்றாவதொன்றைக் கூறுவார். ‘இன்ன செயலி இருத்தல் வேண்டும்’, ‘விளையாட்டிற்கு இன்ன அட்டையே தக்கது’ என அவ்வறிவுரைகள் பெரும்பாலும் ஓர் உறுப்பின் பெயரையே பற்றி நிற்கும். அவை முற்றும் பொய்யல்ல. ஆயினும் ஓர் உறுப்பின் புகழ் கொண்டு முழுக் கணனியின் தகுதியை அளத்தல் இயலாது. கணனியின் விரைவு தனியோர் உறுப்பின் ஆற்றலன்று. உறுப்புக்கள் யாவும் தம்முள் இயைந்து தொழிற்படுவதன் பயனே அது. இதனை உணராமையாற் பல மாதச் சேமிப்பு ஒரு நாளில் வீணாதல் கூடும்.

கணனி வீட்டினுட் புகுந்த வரலாறே இதனை ஓரளவு விளக்கும். 1975 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆல்ட்டயர் 8800’, ஆர்வமுடையோர் தாமே உறுப்புக்களைப் பொருத்திக்கொள்ளும் வகையில் விற்கப்பட்டது. 1977 இல் ‘அப்பிள் II’ முதலியன முழுமையாக்கப்பட்ட பொறிகளாகச் சந்தைக்கு வந்தன. 1981 ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாட் கணனியை அறிமுகஞ் செய்தது. அதில் இன்ரெல் 8088 என்னும் செயலி 4.77 மெகாஹேட்ஸ் வேகத்தில் இயங்கிற்று. மிகக் குறைந்த அமைப்பின் நினைவகம் 16 கிலோபைற்று. விலை 1,565 டொலர். எனினும் அப்பொறியின் சிறப்பு இவ்வெண்களில் அன்று. அதன் பெட்டியினுள் மேலதிக அட்டைகளைச் செருகுதற்கு இடம் விடப்பட்டிருந்தது. தொழினுட்ப விவரங்களும் வெளியிடப்பட்டன. அதனாற் பிறரும் அதற்கு இயைந்த உறுப்புக்களையும், பின்னர் முழுக் கணனிகளையுமே ஆக்கலாயினர். உறுப்புக்களைத் தெரிந்தெடுக்கும் உரிமை வாங்குவோனுக்குக் கிடைத்தது. தெரிவின் தொல்லையும் அவனுக்கே உரியதாயிற்று.

உறுப்புக்களின் வளர்ச்சியைத் தூண்டிய காரணங்களுள் விளையாட்டும் ஒன்று என்பதை மறுத்தல் இயலாது. 1993 இல் வெளிவந்த ‘டூம்’ என்னும் விளையாட்டில், திரையிற் காணும் காட்சியை மையச் செயலியே கணித்து வரைந்தது. 1996 இல் வந்த ‘வூடூ’ அட்டை, முப்பரிமாணக் காட்சி வரையும் பணியின் பெரும்பகுதியைத் தான் ஏற்றுக்கொண்டது. 1999 இல் என்விடியா வெளியிட்ட ‘ஜீபோர்ஸ் 256’, உருவங்களின் இடமாற்றத்தையும் ஒளியமைப்பையும் கணிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்தது. இவ்வாறு ஒருவர் செய்த தொழில் இருவருக்குப் பகிரப்பட்டது. தொழில் பகிரப்படும் இடத்தில், இருவருள் மெதுவாகச் செய்பவரே முழு வேலையின் வேகத்தையும் தீர்மானிப்பர். நாற்றுப் பிடுங்குவோர் தாமதித்தால், நடுவோர் எத்துணை வல்லவராயினும் வரம்பில் நிற்கவேண்டியதே.

இதனைச் சிறு கணக்கொன்றாற் காட்டலாம். விளையாட்டில் அசையும் காட்சி என்பது, ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் நிலைப்படங்களின் வரிசையே. செக்கனுக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒரு படத்திற்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன் மட்டுமே. மையச் செயலி ஒரு படத்திற்கு வேண்டிய கணிப்பை 20 மில்லிசெக்கனில் முடிக்கின்றது எனவும், கிராபிக்ஸ் அட்டை அப்படத்தை 8 மில்லிசெக்கனில் வரைகின்றது எனவும் கொள்வோம். இரண்டும் ஒருங்கே தத்தம் பணியைச் செய்யினும், செக்கனுக்கு 50 படங்களுக்கு மேற் கிடையா. இந்நிலையில் இருமடங்கு விலை கொடுத்து, 4 மில்லிசெக்கனில் வரையும் அட்டையை வாங்கினாற் பயன் யாது? அப்பொழுதும் 50 படங்களே. பணம் சென்றது, வேகம் வரவில்லை.

எவ்வுறுப்புத் தடையாய் நிற்கின்றது என்பதை அறிய எளிய சோதனையொன்று உண்டு. விளையாட்டின் காட்சித் துல்லியத்தைக் குறைத்துப் பார்த்தல் வேண்டும். படங்களின் எண்ணிக்கை உயருமாயின் தடை கிராபிக்ஸ் அட்டையிலே உளது. உயராதாயின் பெரும்பாலும் மையச் செயலியில் உளது. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட திரையில் 20,73,600 புள்ளிகள் உள. 3840 × 2160 திரையிலோ 82,94,400 புள்ளிகள், அதாவது நான்கு மடங்கு உள. ஆகவே திரையை மாற்றுவோர் அட்டையின் சுமையையும் மாற்றுகின்றனர். செக்கனுக்கு 60 முறை மட்டும் புதுப்பிக்கும் திரையை வைத்துக்கொண்டு 200 படங்கள் வரையும் அட்டையை வாங்குதலும் பெரும்பயன் தருவதன்று.

இனி, படிப்பிற்கும் அலுவலுக்கும் பயன்படும் கணனியை நோக்குவோம். அதன் மந்தத்திற்குக் காரணம் பல வேளைகளிற் செயலி அன்று. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு ஒருமுறை சுற்றுதற்கு 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். வேண்டிய தகவல் வாசிமுனையின் கீழ் வரும்வரை சராசரி அரைச் சுற்றுக் காத்திருத்தல் வேண்டும். முனை நகரும் காலம் வேறு. அசையும் பகுதி யாதும் இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தில் இக்காத்திருப்பு இல்லை. பழைய கணனியில் வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தியோர் புதுக்கணனி வாங்கினாற்போல மகிழ்வது இதனாலேயே. ஆயினும் அதே மாற்றம் விளையாட்டின் படங்களை மிகுவிக்கும் என எதிர்பார்த்தல் தவறு. விளையாட்டு விரைந்து தொடங்கும், அவ்வளவே. நினைவகமும் அத்தகையதே. அது போதாதபோது கணனி சேமிப்பகத்தை நாடிச் சென்று மந்தமடையும். போதிய அளவின் மேல் எத்துணை சேர்ப்பினும் விரைவு பெருகாது. தனி அட்டையின்றிச் செயலியோடு இணைந்த கிராபிக்ஸைப் பயன்படுத்தும் கணனிகளில், 16 கிகாபைற்று ஒற்றைத் துண்டினும் 8 கிகாபைற்றுத் துண்டுகள் இரண்டு பொதுவாக நலம் பயக்கும். நினைவகத்திற்குச் செல்லும் பாதை இரண்டாவதே அதற்குக் காரணம்.

அறிவுரை கூறுவோர் பலரும் மறக்கும் உறுப்பு மின்வழங்கி. 650 உவாற்று எனப் பொறிக்கப்பட்ட மின்வழங்கி எந்நேரமும் 650 உவாற்று மின்னை உண்ணும் எனச் சிலர் அஞ்சுவர். அவ்வாறன்று, அஃது அதன் உச்ச வரம்பு. கணனிக்கு வேண்டிய அளவையும், மாற்றத்தின்போது வெப்பமாய்க் கழியும் சிறுபகுதியையுமே அது பெறும். ஆனால் மலிவான மின்வழங்கியின் பொறிப்பை நம்புதல் ஆபத்தானது. பாதுகாப்பமைப்புக்கள் குறைந்த மின்வழங்கி பழுதுறும்போது, தன்னோடு தாய்ப்பலகையையும் அட்டையையும் அழித்துவிடல் கூடும். விலையுயர்ந்த அட்டையைத் தரங்குறைந்த மின்வழங்கியோடு இணைப்பது, உறுதியற்ற அத்திவாரத்தில் மாடி கட்டுவதை ஒக்கும்.

பெயரால் மயங்குதல் பிறிதொரு குற்றம். ‘ஐ7’ என்றால் உயர்ந்தது, ‘ஐ3’ என்றால் தாழ்ந்தது என்பது பொதுநம்பிக்கை. 2011 இல் வந்த கோர் ஐ7-2600 செயலிக்கும், 2022 இல் வந்த கோர் ஐ3-12100 செயலிக்கும் கருக்கள் நந்நான்கே; எனினும் பிந்தியதே பெரிதும் விரைவுடையது. எனவே பெயரோடு தலைமுறையையும் நோக்குதல் வேண்டும். மடிக்கணனியின் கிராபிக்ஸும் மேசைக்கணனியின் அட்டையும் ஒரே பெயர் தாங்கினும் ஆற்றலில் ஒன்றல்ல; மடிக்கணனியில் மின்னும் குளிர்ச்சியும் மட்டுப்பட்டவை.

பழைய கணனியை மலிவாக வாங்குவோர் இன்னுமொன்றை ஆராய்தல் வேண்டும். வின்டோஸ் 10 இற்கு மைக்குரோசொவ்ற் வழங்கிய வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிவுற்றது. வின்டோஸ் 11, ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும், ஏற்கப்பட்ட செயலிப் பட்டியலில் அடங்கிய செயலியையும் வேண்டி நிற்கின்றது. இவையில்லாத பொறி இயங்காதொழியும் என்பதில்லை. லினக்ஸ் இயக்குதளத்தை நிறுவிக் கட்டுரை எழுதவும், இணையத்திற் கற்கவும், நிரல் பழகவும் அதனைப் பயன்படுத்தலாம். ஆயின் அதனை அறிந்தே வாங்குதல் வேறு. வாங்கியபின் அறிதல் வேறு.

அங்ஙனமாயின், தக்க அறிவுரையை அறிவது எவ்வாறு? நோயை வினாவுமுன் மருந்தின் பெயர் கூறும் வைத்தியரை யாரும் நம்புவதில்லை. கணனியின் தொழில் யாது, திரை எத்தகையது, வீட்டில் ஏலவே உள்ள உறுப்புக்கள் எவை, செலவழிக்கத்தக்க தொகை எவ்வளவு என்னும் நான்கு வினாக்களையும் முதலிற் கேட்பவரின் சொல்லே கொள்ளத்தக்கது. படிப்பே நோக்கமாயின் எஸ்.எஸ்.டி., போதிய நினைவகம், கண்ணை வருத்தாத திரை, நல்ல விசைப்பலகை என்பன முதலிடம் பெறும். விளையாட்டும் வேண்டுமாயின், திரைக்கேற்ற அட்டையும், அட்டைக்கேற்ற செயலியும், இரண்டையுந் தாங்கும் மின்வழங்கியும் என வரிசையாக அமைத்தல் முறை. ஆற்றிற் போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பர் முன்னோர். அளவறிந்து இயைத்த எளிய கணனி பல்லாண்டு உழைக்கும்; பெயர் கண்டு வாங்கிய பெருங்கணனியோ, தன்னுள் மெலிந்த உறுப்பின் அளவிற்கே உழைக்கும்.