இளமைத் துயரும் பிற்கால உடல்நலமும்

"தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது நம் பழமொழி. நற்பழக்கமும் தீப்பழக்கமும் இளமையிலேயே வேரூன்றும் என்பதே அதன் கருத்தாக நாம் இதுகாறும் கொண்டு வந்துள்ளோம். ஆயின், தொட்டிலில் தொடங்குவது பழக்கம் மட்டுமன்று. ஐம்பதாம் வயதில் தோன்றும் நெஞ்சுநோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் உரிய வித்துச் சிலருக்கு இளமையிலேயே ஊன்றப்படுகின்றது என்று மருத்துவ அறிஞர் இன்று கூறுகின்றனர். சிறு பிராயத்தில் மனம் பட்ட பாடு, மனத்தோடு நில்லாது உடலிற் புகுந்து நெடுங்காலம் உடனுறைவது எங்ஙனம்? அதற்கு மாற்று உண்டோ? இவ்விரண்டையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

முதற்கண், அச்சம் உடலில் யாது செய்கின்றது என்பதை அறிதல் வேண்டும். வழியில் நாகத்தைக் கண்ட ஒருவனை நினைந்து கொள்வோம். கண்ட அக்கணமே மூளை ஆணையிட, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் சுரப்புநீரை இரத்தத்திற் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கின்றது. இரத்த அழுத்தம் உயர்கின்றது. தசைகளுக்குக் குருதி மிகுந்து பாய்கின்றது. சில நிமிடங்களில் கார்ட்டிசால் என்னும் மற்றொரு சுரப்புநீரும் வந்து, இரத்தத்திற் சர்க்கரையைப் பெருக்கி, ஓடுதற்கோ எதிர்த்து நிற்றற்கோ வேண்டிய வலிமையைத் தருகின்றது. நாகம் புதருள் மறைந்தபின் இவையெல்லாம் படிப்படியாக அடங்கிவிடும். இஃது உயிரைக் காக்க இயற்கை அமைத்த அபாயமணி. இதிற் குறை ஒன்றுமில்லை.

ஆயின், அந்நாகம் வீட்டினுள்ளேயே குடியிருக்குமாயின்? மாலைதோறும் குடித்து வந்து தாயை அடிக்கும் தந்தை, காரணமின்றிப் புடைக்கும் கை, பசித்து அழுதாலும் திரும்பிப் பாராத வீடு ஆகிய இவற்றினிடையே வளரும் குழந்தைக்கு அம்மணி ஓய்வின்றி ஒலித்துக் கொண்டேயிருக்கின்றது. ஒரு நாழிகைக்கென அமைந்த ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் நீடிக்கவே, நோயை எதிர்க்கும் ஆற்றல் நிலைகுலைகின்றது. உடலுள் அழற்சி நிலைக்கின்றது. இரத்தக் குழாய்கள் தேய்வுறுகின்றன. வளர்ந்து வரும் மூளையில் நினைவுக்கும் மன அடக்கத்திற்கும் உரிய பகுதிகளும் ஊறுபடுகின்றன. வேறு சிலர்க்கோ அம்மணி தேய்ந்துபோய், ஒலிக்க வேண்டிய வேளையிலும் ஒலியாது மந்தமாகி விடுகின்றது. இரண்டும் கேடே.

இது கொண்டு எல்லாத் துன்பமும் தீங்கு விளைக்கும் என்று எண்ணற்க. பள்ளிக்குச் செல்லும் முதல் நாளின் அழுகையும், தேர்வைக் குறித்த சிறு அச்சமும் குழந்தையை வலுப்படுத்துவனவே. உற்றாரை இழத்தல் போன்ற பெருந்துயரமும், தாயோ பாட்டியோ அருகிருந்து தேற்றுவாராயின், பெரும்பாலும் தாங்கத்தக்கதாகும். தேற்றுவார் ஒருவருமின்றி நீண்டு நிற்கும் கடுந்துயரையே அறிஞர் நச்சுத்தன்மை வாய்ந்த அழுத்தம் என்பர். ஆகவே, துயரின் அளவை மட்டும் பார்த்தல் போதாது; துணை உண்டா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

இவ்விஷயத்தை உலகறியச் செய்தது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கலிபோர்னியாவிலுள்ள சான் டியேகோ நகரில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியாகும். வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்னும் மருத்துவர்களும் அவர்தம் குழுவினரும், கைசர் பெர்மனென்டே என்னும் மருத்துவ நிறுவனத்திற்கு உடற்பரிசோதனைக்காக வந்த பெரியோர்களிடம், அவர்தம் இளமையைக் குறித்து வினாத்தாள் வாயிலாக வினவினர். 1998-ஆம் ஆண்டில் வெளியான முதல் அறிக்கையில் 9,508 பேருடைய விடைகள் ஆராயப்பட்டன. அடியுண்டது, இழிசொற்பட்டது, தகாத தீண்டலுக்கு ஆளானது, தாய் அடிபடக் கண்டது, குடியரோ மனநோயுற்றாரோ சிறை சென்றாரோ உள்ள வீட்டில் வளர்ந்தது எனத் துன்பங்களை எழுவகையாகப் பகுத்தனர். விடையளித்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர் ஒருவகையேனும் பட்டிருந்தனர். நான்கோ அதற்கு மேலோ பட்டவர்க்கு, ஒன்றும் படாதவரினும், மதுவுக்கு அடிமையாதலும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் 4 முதல் 12 மடங்கு மிகுந்திருந்தன. நெஞ்சுநோய், புற்றுநோய், நுரையீரல் நோய், ஈரல் நோய் என்பனவும் துன்ப வகைகளின் எண்ணிக்கை ஏற ஏற மிகுந்தே காணப்பட்டன. இவர்களுட் பெரும்பாலோர் வறியவரல்லர். கல்வியும் மருத்துவ வசதியும் உடையவர் என்பது கருதத்தக்கது.

ஈண்டு ஓர் ஐயம் எழும். முதியோர் தம் இளமையை நினைவுகூர்ந்து கூறியதை எவ்வளவு நம்பலாம்? துன்பமும் நோயும் சேர்ந்து காணப்படுவதனால் ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் என்று துணியலாமோ? பரம்பரை முதலிய வேறு காரணங்கள் இரண்டையும் விளைத்திருக்கலாகாதோ? இவ்வையம் நியாயமானதே. இதற்கு ஒரு பகுதி விடை ருமேனியா நாட்டிலிருந்து கிடைத்தது.

அந்நாட்டை ஆண்ட சௌசெஸ்கு என்பார் 1966-இல் மக்கட்தொகையைப் பெருக்கக் கருதிக் கருச்சிதைவைப் பெரும்பாலும் தடை செய்தார். காப்பாற்ற இயலாத ஏழைப் பெற்றோர் பலர் தம் மக்களை அரசாங்க விடுதிகளில் விட்டனர். 1989 டிசம்பரில் அவ்வாட்சி வீழ்ந்தபோது, ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகள் அவ்விடுதிகளில் இருந்தனர். பெற்றோர் உயிரோடிருந்தும் அநாதைகளானோர் அவருட் பலர். உணவும் உடையும் ஒருவாறு கிடைத்தன. ஆனால், பணியாளர் சிலர் பல குழந்தைகளை மாறி மாறிக் கவனித்தமையால், "இவர் என்னவர்" என்று பற்றிக்கொள்ள ஒருவரும் இலர்.

சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா என்னும் அமெரிக்க அறிஞர் மூவர், 2000-ஆம் ஆண்டளவில் புக்காரெஸ்ட் நகர விடுதிகளிலிருந்த 136 குழந்தைகளை ஆராயத் தொடங்கினர். அந்நகரில் வளர்ப்புக் குடும்பங்கள் அக்காலத்து மிக அரிதாதலின், அவர்களே அவற்றைத் தேடிப் பயிற்சியளித்து அமைத்தனர். திருவுளச்சீட்டு முறையில் 68 குழந்தைகள் அக்குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஏனைய 68 பேர் வழக்கமான ஏற்பாட்டிலேயே இருந்தனர். இவர்களுக்கும் இல்லம் வாய்க்குமாயின் செல்லத் தடையில்லை. சீட்டினாற் பிரித்தமையால், இரு திறத்தாரிடையே பின்னர்த் தோன்றிய வேற்றுமைக்குப் பரம்பரையைக் காரணம் காட்ட இயலாது.

விளைவு யாது? நான்கரை வயதில் அறிவுத்திறனை அளந்தபோது, விடுதிப் பிள்ளைகளின் சராசரி 73. வளர்ப்பு வீடு பெற்றவர் 81. பிறந்த வீட்டிலேயே வளர்ந்த அயற்பிள்ளைகள் 109. அப்பிள்ளைகள் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதினரானபோது, பிறர் முன்னிலையிற் பேசுதல் முதலிய சிறு சோதனைகளால் அவர்தம் அபாயமணியைச் சோதித்தனர். விடுதியில் தொடர்ந்து வளர்ந்தவர்களிடம் நெஞ்சும் சுரப்புநீரும் மந்தமாகவே எழுந்தன. வளர்ப்பு வீடு பெற்றவர்களிடமோ, சிறப்பாக இரண்டு வயது நிரம்புமுன் சென்றவர்களிடம், அவை ஏனைய பிள்ளைகளுடையவை போலவே இருந்தன. இம்முடிவு 2015-இல் வெளியாயிற்று. ருமேனியாவும் 2004-இல் இயற்றிய சட்டத்தினால், கடும் ஊனமுற்றோர் நீங்கலாக, இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளை விடுதிகளில் வைத்தலை விலக்கியது.

இவற்றால் நாம் அறியத்தக்கன இரண்டு. இளமைத் துயர் உடலிற் பதிகின்றது என்பது ஒன்று; ஒருவரது நிலைத்த அன்பு அப்பதிவை மாற்றவும் வல்லது, விரைந்து வருமளவிற்கு நன்றாக மாற்றும் என்பது மற்றொன்று. துன்பங்களை எண்ணி ஒருவரது எதிர்காலத்தைக் கணித்தல் தகாது. அவ்வெண் ஒரு கூட்டத்தாரின் நிலையைக் காட்டுமேயன்றித் தனி ஒருவரின் விதியைக் காட்டாது என்று ஆண்டா அவர்களே 2020-இல் எச்சரித்துள்ளார். நான்கு வகைத் துன்பமும் பட்டு, நலமுடன் வாழ்ந்து முதியோரானாரும் பலர்.

நம்முட் சிலர் நாளை ஆசிரியராவோம், சிலர் மருத்துவராவோம், பலர் பெற்றோராவோம். வகுப்பில் உறங்கி விழும் சிறுவனும், தொட்டதற்கெல்லாம் சினக்கும் சிறுமியும் நம் முன் வந்து நிற்பர். அப்போது பிரம்பை எடுக்குமுன், "நேற்றிரவு வீட்டில் என்ன நடந்தது?" என்று தனியே அழைத்துப் பரிவோடு வினவுவோமாக. விடை அன்றே வாராது போகலாம். மறுநாளும் வினவுவோம். தன்னை விடாது கேட்கும் ஒருவர் உளர் என்பதே அக்குழந்தைக்கு மருந்தின் முதல் வேளையாகும்.