மணி ஓயும் வெள்ளி

ஜெர்மனியில் புனித வெள்ளியன்று ஊரைக் கூட்டி நடன விருந்து வைத்தால் அபராதம் கட்ட நேரிடலாம். 16 மாநிலங்களிலும் அன்று பொது விடுமுறை. அதுவும் ‘அமைதி விடுமுறை’. பெர்லினில் அதிகாலை 4 மணி முதல் இரவு 9 மணி வரைதான் நடனத் தடை. பவேரியாவில் சனிக்கிழமையும் சேர்த்து! அங்கே புனித வெள்ளிக்கு மட்டும் விதிவிலக்கே இல்லை என்றிருந்த சட்டப்பிரிவு செல்லாது என்று 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடை என்னவோ நீடிக்கிறது.

கத்தோலிக்க ஊர்களில் பெரிய வியாழன் மாலையோடு கோயில் மணி ஓய்ந்துவிடும். “மணியெல்லாம் ரோமாபுரிக்குப் பறந்துவிட்டது” என்பார்கள் குழந்தைகளிடம். அப்புறம் வழிபாட்டுக்கு ஆளைக் கூப்பிடுவது யார்? அந்தக் குழந்தைகளேதான். கையில் மரத்தாலான கிலுக்கு. பிடியைச் சுழற்றினால் பல்சக்கரத்தில் மரப்பட்டை மோதி, கடகடவென்று காதைப் பிளக்கும். தெருத்தெருவாகச் சுழற்றிக்கொண்டே போவார்கள். அமைதி விடுமுறையில் இந்தச் சத்தத்துக்கு மட்டும் தடையில்லை, பாருங்கள்.

உயிர்ப்புத் திருவிழிப்பு இரவில் மணி ‘திரும்பி’ வந்துவிடும். கிலுக்குச் சுற்றிய பிள்ளைகளுக்குப் பல ஊர்களில் வீட்டுக்கு வீடு முட்டையும் சில்லறையும் கிடைக்கும்.